கலாயோகி எழுதிவைத்த உருக்கு

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே நம்மவர் நெஞ்சிலே தோன்றுவது தில்லைக் கூத்தன் திருவுருவமாகும். ஆடல்வல்லானின் தத்துவத்தை மேல்நாட்டார் உணரும்படி எடுத்துரைத்த பேரறிஞர் என்றே அவரைப் பாடசாலைகளிற் கற்பிக்கின்றோம். யானும் பல்லாண்டுகளாக அவ்வாறே கற்பித்து வந்தேன். ஆயினும் அப்பெருமகனார் தம் உழைப்பைத் தொடங்கியது கல்லையும் மண்ணையும் ஆராயும் விஞ்ஞானியாகவே என்பது பலர் அறியாத செய்தி. இந்நாட்டின் மலைச்சாரற் கிராமமொன்றிலே மூசையில் உருக்கு ஆக்கும் தொழிலைக் கண்டு அவர் எழுதிவைத்த சில பக்கங்கள், உலோகங்களின் வலிமையைப் பற்றி இன்றைய விஞ்ஞானம் ஆராயும் மிக நுண்ணிய பொருளொன்றோடு தொடர்புடையன. விஞ்ஞானம் பயிலும் மாணவரும் தமிழ் பயிலும் மாணவரும் ஒருங்கே அறியத்தக்கது இவ்வரலாறு என்று கருதியே, கல்லூரியின் விழா மலரில் இதனை எழுதத் துணிந்தேன்.

பிறப்பும் கல்வியும்

ஆனந்தரின் முன்னோர் நம் வடபுலத்தினர். கெருடாவிலைச் சேர்ந்த ஆறுமுகம்பிள்ளை என்பார் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தென்னிலங்கைக்குச் சென்று குடியேறினார். அவர் மைந்தர் குமாரசுவாமி முதலியார் சட்டநிரூபண சபையிலே தமிழரின் முதற் பிரதிநிதியாக அமர்ந்தவர். முதலியாரின் மைந்தரே சேர் முத்துக்குமாரசுவாமி. இவர் இலண்டனிலே பரிஸ்டர் பட்டம் பெற்று, அரிச்சந்திரன் வரலாற்றை 1863 ஆம் ஆண்டில் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டவர். சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்னும் பெரியார் இருவரும் இவருடைய உடன்பிறந்தாள் மக்கள் ஆவர்.

சேர் முத்துக்குமாரசுவாமி எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாதரை மணந்தார். அவர்களுக்கு ஒரே புதல்வராக ஆனந்தர் 1877 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 22 ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன், 1879 ஆம் ஆண்டு மே மாதத்தில், தந்தையார் காலமானார். தாயாரின் நாட்டிலேயே வளர்ந்த ஆனந்தர், பன்னிரண்டாம் வயதில் விக்கிளிவ் கல்லூரியிற் சேர்ந்து, பின்னர் இலண்டன் யூனிவேசிற்றிக் கல்லூரியிலே பூகர்ப்பவியலும் தாவரவியலும் கற்று, 1900 ஆம் ஆண்டில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். தந்தையின் முகத்தை நினைவில் வைத்திருக்கக்கூட வாய்ப்பில்லாத அவ்விளைஞரைத் தந்தையின் நாட்டிற்கு மீட்டுக் கொணர்ந்தவை இங்குள்ள பாறைகளே எனலாம்.

தாய்நாடு திரும்பிய விஞ்ஞானி

1903 ஆம் ஆண்டிலே இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராக ஆனந்தர் பொறுப்பேற்றார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. 1906 ஆம் ஆண்டுவரை மலைநாட்டிலும் சப்பிரகமுவவிலும் ஊர் ஊராகச் சென்று பாறைகளைச் சோதித்தார். 1904 ஆம் ஆண்டிலே அவர் கண்டறிந்த கருநிறக் கனிப்பொருளொன்று தோரியம் நிறைந்ததாய், கதிர்த்தொழிற்பாடு உடையதாய் இருந்தது. தோரியனைற்று என்று பெயரிடப்பெற்ற அக்கனிப்பொருள் விஞ்ஞான உலகில் அவருக்கு நிலையான இடத்தை அளித்தது. இலங்கையின் பூகர்ப்பவியல் பற்றிய ஆராய்ச்சிக்காக இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

கல்லைத் தேடிச் சென்ற இடங்களில் அவர் கண்கள் மனிதரையும் கண்டன. குயவர், நெசவாளர், தச்சர், கொல்லர், கன்னார் முதலியோர் பரம்பரையாகக் காத்துவந்த தொழில்கள், கப்பலில் வந்திறங்கிய மலிவான பண்டங்களின் முன் நிற்கமாட்டாது ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தன. உத்தியோக வேலையோடு வேலையாக அத்தொழில்களைக் குறித்தெழுதத் தொடங்கினார். மனைவியார் எதெல் அம்மையார் நிழற்படம் பிடிக்க, இவர் தொழிலாளரின் அருகில் அமர்ந்து கருவிகளின் பெயர்களையும் செய்முறைகளையும் எழுதினார். தாய்மொழியைப் பாடசாலைகளிற் கற்பிக்க வேண்டும் என்றும், கண்மூடித்தனமாக அயலாரைப் பின்பற்றுதல் தகாதென்றும் அவர் வாதாடத் தொடங்கியதும் இக்காலத்திலேயே.

ஆவாரையும் மூசையும்

சப்பிரகமுவவிலே அத்தரபாகை என்னும் ஊரில் இரும்பு உருக்கும் முறையையும், அலுத்நுவரவில் அவ்விரும்பை உருக்காக மாற்றும் முறையையும் அவர் பதிவு செய்தார். தொழில் அந்நிலையிலேயே பெரும்பாலும் ஒழிந்துபோய், அதனை அறிந்தோர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர்.

செய்முறையைச் சுருங்கச் சொல்லுவோம். முதலில் இரும்புக்கல்லைக் கரியோடு உலையிலிட்டுத் துருத்தியால் ஊதுவர். தூய இரும்பு உருகுதற்கு 1538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். கரியுலை அவ்வளவிற்கு ஏறாது. ஆதலால் இரும்பு உருகி ஓடாமல், கிட்டம் கலந்த கடற்பஞ்சு போன்ற கட்டியாகத் திரளும். அதனை அடித்துக் கிட்டத்தை நீக்கினாற் கிடைப்பது மெல்லிரும்பு. அது வளையும், கூர் நில்லாது. இம்மெல்லிரும்புத் துண்டை நீண்ட குழாய்போல் வனைந்த களிமண் மூசையிலே இட்டு, உடன் ஆவாரை மரத்துண்டுகளையும் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, மீண்டும் உலையில் வைத்து ஊதுவர். உள்ளிருக்கும் மரம் கரியாகி, அக்கரியின் காபன் இரும்பினுட் புகும். காபன் புகப் புக இரும்பின் உருகுநிலை தாழும். முன்பு உருக மறுத்த இரும்பு இப்பொழுது மூசையினுள்ளே நீராக உருகும். எஞ்சிய கிட்டம் மேலே மிதக்கும். பின்னர் மெல்ல ஆறவிட்டு மூசையை உடைத்தால் உள்ளே உருக்குக் கோல் இருக்கும். இந்தியாவிற் செய்த உருக்குப் பெரும்பாலும் முட்டை வடிவான கட்டியாக இருக்க, இலங்கையிற் செய்தது கோல் வடிவாக இருந்தமை குறிப்பிடத்தக்கது.

நம் பற்றைக்காடுகளிற் பூத்துக் கிடக்கும் ஆவாரையைப் பொங்கலுக்கும் மருந்துக்கும் உரியதாகவே நாம் அறிவோம். அதே செடியைத் தமிழகத்து உருக்குத் தொழிலாளரும் கையாண்டனர். மூசையின் வாயை எருக்கிலையால் மூடுதலும் அங்கு வழக்கம். காபன் என்னும் பெயரை அவர்கள் அறியார். எந்த மரம், எத்துணை நிறை, எவ்வளவு நேரம் என்பதை அறிவர். தராசும் அளவுகோலும் கொண்டு பழகிய விஞ்ஞானியாதலால், அவ்வறிவின் அருமையை ஆனந்தர் உடனே உணர்ந்தார்.

1907 ஆம் ஆண்டில் இங்கிலாந்து திரும்பிய அவர், புரோட் காம்டன் என்னும் சிற்றூரிலே பழைய தேவாலயக் கட்டடமொன்றில் வாழ்ந்தார். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கை அச்சியந்திரத்திலேயே தம் நூலை அச்சிடுவித்து, 1908 ஆம் ஆண்டில் மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை வெளியிட்டார். அச்சிட்டவை 425 பிரதிகளே. சிற்பமும் ஓவியமும் விளக்கும் அந்நூலில் இரும்பும் உருக்கும் இடம்பெற்றன. கோயிற் சிற்பியையும் ஊர்க் கொல்லனையும் ஒரே நூலில் ஒரே மதிப்போடு வைத்தமையே அவருடைய நோக்கின் தனிச்சிறப்பு.

அன்றைய விஞ்ஞானம் அறியாதது

நம் நாடுகளின் உருக்கை மேல்நாட்டார் அதற்கு முன்னரே ஆராய முற்பட்டிருந்தனர். இலண்டன் றோயல் சங்கத்தில் 1795 ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் பியேர்சன் என்பார் இந்திய உருக்கைப் பற்றி ஆய்வுரை வழங்கினார். கொல்லர் ஒருவரின் மைந்தராகிய மைக்கல் பரடே, மின்னியலிற் புகழ் பெறுமுன்னர், 1819 ஆம் ஆண்டு தொடக்கம் அவ்வுருக்கைப் பகுத்து ஆராய்ந்தார். அதன் சிறப்புக்கு அலுமினாவும் சிலிக்காவும் காரணம் என அவர் கருதியது பிழையாயிற்று. ஆயினும் அம்முயற்சி கலப்புலோக உருக்குகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வழிதிறந்தது. என்ன கலந்திருக்கிறது என்று மாத்திரம் நோக்கினால் விடை கிட்டாது. கலந்தது எங்ஙனம் அமைந்திருக்கிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். அவ்வமைப்பின் மிக நுண்ணிய கூறுகளைக் காணும் கருவிகள் பரடேயின் காலத்திலும் இல்லை, ஆனந்தர் அலுத்நுவரவில் நின்ற காலத்திலும் இல்லை.

முதலாம் உலகப்போரில் ஆங்கிலப் படையிற் சேர மறுத்த ஆனந்தர், 1917 ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் இந்தியக் கலைப் பகுதிக்குப் பொறுப்பாளரானார். சிவ நடனம் என்னும் நூல் 1918 ஆம் ஆண்டிலும், இந்திய இந்தோனேசியக் கலை வரலாறு 1927 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. முப்பது ஆண்டுகள் அங்கேயே பணியாற்றி, எழுபது வயது நிறைந்து மூன்று வாரமும் ஆகாத நிலையில், 1947 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 9 ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். ஓய்வு பெற்றுப் பாரதநாடு சென்று தவவாழ்வு வாழ விரும்பியிருந்த அவருக்கு அது கைகூடவில்லை.

அவர் மறைந்தபின் விளங்கிய உண்மை

உலோகம் ஏன் வளைகிறது? உருக்கு முதலிய உலோகங்கள் யாவும் எண்ணிறந்த சிறு பளிங்கு மணிகளால் ஆனவை. மணியொவ்வொன்றிலும் அணுக்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. வளைக்கும்போது ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் வழுக்குகிறது. பெரிய களப்பாயொன்றை முழுவதுமாக இழுத்து நகர்த்துவது கடினம். ஒரு முனையில் மடிப்பொன்றை உண்டாக்கி அம்மடிப்பை மறுமுனைக்குத் தள்ளிச் சென்றால் பாய் எளிதில் நகரும். அணுவடுக்குகளும் இவ்வாறே, சிறு பிறழ்வொன்று மடிப்புப்போல் ஓடுவதனால் வழுக்குகின்றன என்று 1934 ஆம் ஆண்டில் ரெயிலர், ஒறோவான், பொலானி என்னும் மூவர் தனித்தனியே கண்டனர்.

மடிப்பைத் தடுத்துவிட்டாற் பாய் நகராது. பிறழ்வைத் தடுத்துவிட்டால் உலோகம் எளிதில் வளையாது. மணிக்கும் மணிக்கும் இடைப்பட்ட எல்லை அதற்குத் தடை. ஆதலால் மணிகள் சிறுக்கச் சிறுக்க எல்லைகள் பெருகி உலோகம் வலுக்கும். இவ்விதியை ஹோல் என்பார் 1951 ஆம் ஆண்டிலும், பெற்ச் என்பார் 1953 ஆம் ஆண்டிலும் நிறுவினர். மிக நுண்ணிய துணிக்கைகள் உலோகத்தினுள்ளே செறிந்திருந்தாலும் அவையும் தடையாகும்.

இத்தடைகளை எத்துணைச் சிறிதாக்கலாம் என்பதே பின்வந்த ஆராய்ச்சி. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர் ஆகும். நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே இந்திய மரபினராகிய பேராசிரியர் ஹர்ஷத் பதேசியாவும் அவருடன் ஆய்ந்தோரும், உருக்கை 200 பாகை செல்சியசு அளவான குறைந்த வெப்பத்தில் ஏறத்தாழப் பத்து நாள் வைத்திருந்து, 20 முதல் 40 நனோமீற்றர் தடிப்புள்ள தகடுகளால் நிறைந்த உருக்கை ஆக்கினர். சாதாரணக் கட்டட உருக்கினும் அது பல மடங்கு வலியது. அத்தகடுகள் உருவாகும் நிலையிலே பெருநெருப்பு வேண்டியதில்லை. வெப்பத்தை அறிந்து பொறுத்திருத்தலே வேண்டுவது. இத்துணைக் குறைந்த வெப்பத்திலே உலகின் மிக வலிய உருக்குகளுள் ஒன்று உருவாகின்றது என்பது வியத்தற்குரியது.

இனிப் பழைய உருக்கிற்கு வருவோம். நம் நாடுகளின் மூசை உருக்கு, கப்பலேறிப் பாரசீகம் முதலிய நாடுகளுக்குச் சென்றது. ஒன்பதாம் நூற்றாண்டினராகிய அல்கிந்தி என்னும் அறபு அறிஞர் வாள்களைப் பற்றி எழுதியபோது சரந்தீபு உருக்கையும் குறித்துள்ளார். அவ்வகை உருக்கை அளவான வெப்பத்தில் மீண்டும் மீண்டும் அடித்து ஆக்கிய வாள்களில் நீரலைபோன்ற கோலம் தோன்றும். அவையே டமாஸ்கஸ் வாள்கள் எனப் புகழ்பெற்றன. அமெரிக்காவில் ஜோன் வெறோவன் என்னும் பேராசிரியரும் அல்பிரட் பென்ட்றே என்னும் கொல்லரும் கூடி உழைத்து அக்கோலத்தை மீண்டும் உண்டாக்கினர். இரும்புக்கல்லிற் கலந்திருந்த வனேடியம் போன்ற மூலகங்களின் மிகச் சிறிய அளவே கோலத்திற்குக் காரணம் என்பது அவர்கள் முடிபு. 2006 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் திறெஸ்டின் நகரப் பேராசிரியர் பீற்றர் பாவ்ளரும் குழுவினரும் பதினேழாம் நூற்றாண்டு வாளொன்றின் சிறு துண்டை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் நோக்கி, இரும்புக் காபைட்டு நனோக் கம்பிகளையும் காபன் நனோக் குழாய்களையும் அதில் கண்டதாக அறிவித்தனர்.

இங்கே நாம் அவதானமாக இருத்தல் வேண்டும். அவ்வாள் இலங்கை உருக்கினால் ஆனதென்று எவரும் கூறவில்லை. அக்குழாய்கள் வாளின் வலிமைக்கு எவ்வளவு துணைசெய்தன என்பதிலும் அறிஞர் ஒருமித்த கருத்தினர் அல்லர். நம் முன்னோர் நனோ விஞ்ஞானத்தை அறிந்திருந்தனர் என்று மேடையிலே முழங்குவது அவர்களுக்குச் செய்யும் சிறப்பாகாது. அவர்கள் அறிந்தது கையின் அறிவு. அவ்வறிவு உண்மையானது, அது போதிய பெருமையும் ஆகும்.

எழுத்தின் பயன்

ஆனந்தர் எழுதிய பக்கங்கள் வீண்போகவில்லை. கில் ஜூலெவ் என்னும் தொல்லியலறிஞர் சமனலவெவப் பகுதியிலே பழைய இரும்புத் தொழிலை ஆராய்ந்து, மேற்குநோக்கி மலைச்சரிவில் அமைந்த உலைகள் துருத்தியின்றிப் பருவக்காற்றினாலேயே எரிந்தன என்பதை 1996 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஏழாம் நூற்றாண்டு தொடக்கம் பதினோராம் நூற்றாண்டு வரையிலான அவ்வுலைகளோடு, அப்பகுதியின் மூசை உருக்குத் தொழிலையும் அவர் ஆராய்ந்தார். அதற்கு ஆனந்தரின் குறிப்புகள் துணைநின்றன. தமிழகத்திலே பதிற்றுப்பத்துக் குறிக்கும் கொடுமணம் என்று கருதப்படும் கொடுமணலில், 1985 ஆம் ஆண்டு தொடக்கம் நடந்த அகழாய்வுகளில் உலைகளும் மூசைகளும் வெளிப்பட்டன. அங்கே மண் மூசையைக் காத்தது. செய்முறையைச் சொல்ல ஒருவரும் இல்லை. அலுத்நுவரவிலோ செய்முறை தாளில் வாழ்கின்றது. ஒரு மனிதர் உரிய வேளையில் அமர்ந்து எழுதியதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

இதனை எழுதும்போது என் மனம் என் ஊர்க் கம்மாலைக்குச் செல்கின்றது. நம் குடாநாடு சுண்ணக்கல் நிலம், இரும்புக்கல் இங்கில்லை. ஆயினும் சத்தகமும் பாளைக்கத்தியும் மண்வெட்டியும் அலவாங்கும் இன்றி நம் வாழ்வு நடந்ததில்லை. எங்கள் ஊர்க் கொல்லர் பழைய லொறி வில்லுத் தகட்டை வெட்டிக் கத்தி அடிப்பார். செந்தழலாய் இருக்கும் அலகைத் தண்ணீரிலே தோய்ப்பார். பின்னர் அதனைத் தீட்டிப் பளபளப்பாக்கி மீண்டும் மெல்லச் சூடாக்குவார். அலகின்மேல் வைக்கோல் நிறம் ஓடி, அது கருஞ்சிவப்பாகி நீலமாக மாறுமுன், தமக்கு வேண்டிய நிறத்திலே சட்டென்று எடுத்துவிடுவார். பாளைக்கத்திக்கு ஒரு நிறம். அலவாங்குக்கு வேறொரு நிறம். அந்நிறங்களுக்கு அவர் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்.

தோய்த்த உருக்கை மீளச் சூடாக்கும்போது, உள்ளே சிறைப்பட்ட காபன் சில நனோமீற்றர் அளவான காபைட்டுத் துணிக்கைகளாகப் பிரிகிறது என்று இன்று நூல்களிற் படிக்கின்றேன். அந்நிறங்கள் வெப்பத்தின் அடையாளம். அவ்வெப்பமே துணிக்கையின் அளவை வகுப்பது. கண்ணுக்குத் தெரியாத அவ்வமைப்பை அப்பெரியவர் கண்ணாலேயே ஆண்டார். அவர் காலமாகிப் பல்லாண்டுகள் ஆகின்றன; பிள்ளைகள் வெளிநாட்டில்; கம்மாலை இருந்த இடத்தில் இன்று மதில் நிற்கிறது. சொற்களைக் கற்பிப்பதே தொழிலாகக் கொண்ட யான், அடுத்த ஒழுங்கையில் வாழ்ந்த அவரிடம் அந்நிறங்களின் பெயர்களைக் கேட்டு எழுதவில்லை. இரண்டொன்று நினைவில் நிற்கின்றன. மற்றவை அவரோடு போயின. ஆங்கிலம் பேசி வளர்ந்து இருபத்தைந்தாம் வயதில் வந்த ஆனந்தர், தமக்குப் புதிதான மொழி பேசும் ஊரில் செய்ததை, என் ஊரிலேயே பிறந்து வளர்ந்த யான் செய்யாது விட்டேன்.

ஆதலின் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரிலே கொல்லரோ, தச்சரோ, தோணி கட்டுவோரோ, பனையோலை பின்னுவோரோ ஒருவர் இன்னும் இருப்பார். விடுமுறை நாளொன்றிலே கொப்பியும் பென்சிலும் கொண்டு அவர்பாற் செல்லுங்கள். எதை, எவ்வளவு, எவ்வளவு நேரம், என்ன பெயர் என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லாலேயே எழுதுங்கள். அதன் பொருள் உங்களுக்கு இன்று விளங்காதிருக்கலாம். ஆவாரைத் துண்டுகளைக் குறித்துக்கொண்ட நாளிலே ஆனந்தருக்கும் முழுவதும் விளங்கவில்லை. எழுதிவைத்தால், விளங்கிக்கொள்வோர் பின்னர் வருவர்.